ஆறாவது மூச்சு

எந்தக் கட்டடத்தில் வயர்லெஸ் மக்கர் செய்தாலும் செண்பகவடிவு முதலில் போய் நிற்கும் இடம் சமையற்கட்டு. கதவு சரியாகப் பொருந்தாத மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று அங்கே இருக்கும். அதை அணைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மிச்ச நேரத்தைக் காபி குடித்துக் கழித்துவிட்டுப் பில்லைக் கொடுத்துவிட்டு வரலாம். சிறுவாணி சாலையில், மலையடிவாரத்தில் இருந்த தென்றல் நிவாஸ் முதியோர் குடியிருப்பில் அப்படி நடக்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள். கிரைண்டரை நிறுத்தினார்கள். லிஃப்ட்டைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, மாடிப்படி ஏற முடியாதவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டார்கள். வடிவின் கையிலிருந்த ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் குறுக்கீட்டைக் காட்டும் பட்டை மட்டும் போகவில்லை.

செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கருவி அது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ரேடியோ அலைகளை வண்ணமாக்கிக் காட்டும். புதிய கோடு மேலே வர வர, பழையவை கீழே வழிந்து போகும். மைக்ரோவேவ் என்றால் சிவப்பை அள்ளித் தெளித்தது போல இருக்கும். மோட்டார் என்றால் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். பதினெட்டு வருடமாக இந்தக் கிறுக்கல்களைப் பார்த்துப் பார்த்து வடிவுக்கு அவை ஆட்களின் முகம் போலப் பழகிப்போயிருந்தன. இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. அந்தப் பட்டை மெல்ல அகன்றது, சற்று நின்றது, மெல்லக் குறுகியது. மறுபடி அகன்றது.

"என்னங்க மேடம், ஈ.சி.ஜி. மாதிரி இருக்குது?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் மேனேஜர் கிருபாகரன்.

"ஈ.சி.ஜி. இல்ல சார். இது மூச்சு."

கிருபாகரன் சிரித்தார். "மூச்சைக் காட்டறதுதானுங்களே எங்க சிஸ்டத்தோட வேலையே? சுவத்துல இருக்கற பொட்டி அலையை விடுது. படுத்திருக்கறவங்க நெஞ்சு ஏறி எறங்கறப்ப அந்த அலை ஆடுது. அந்த ஆட்டத்தைக் கோடாப் போட்டு அமெரிக்காவுல இருக்கற பையனுக்குக் காட்டறோம். கேமராவும் கெடையாது, ஒடம்புல ஒயரும் கெடையாது."

"அதான் சார் எனக்குப் புரியல. உங்க சுவரு விடுறது வெறும் அலை. ஆட்டத்தை ஒரு மனுசன் நெஞ்சுதான் குடுக்கணும். இது நெஞ்சே இல்லாம, மூச்சோடயே கெளம்பி வருது. மூச்ச யாரோ ஒலிபரப்புற மாதிரி."

அவர் சிரிப்பு நின்றது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரமும் இப்படித்தானுங்க கோடெல்லாம் கலங்கிப் போச்சு. அன்னிக்குப் பார்த்து சுந்தரவதனம் சார் பாத்ரூம்ல விழுந்துட்டாரு. சிஸ்டம் சொல்லவே இல்ல. குளிக்கப் போனவரு மத்தியானச் சோத்துக்கு வரலையேன்னு தேடித்தான் பார்த்தோம். இடுப்பெலும்பு போச்சு. தண்ணி, தண்ணின்னு தரையில கெடந்து கத்திருக்காரு, பாவம். அதே சாயங்காலம் ரெண்டாவது மாடியில மரகதம்மா தூக்கத்துலயே தவறிட்டாங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஆபீசை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க மேடம்."

"மூச்சு நின்னா மணி எங்க அடிக்கும்?" என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள்.

"மொதல்ல புள்ளைங்க போன்லதானுங்க. ஆம்புலன்ஸ் வேணுமா, வேண்டாமான்னு ரெண்டு பட்டன் வரும். பத்து எண்ணறதுக்குள்ள எதையும் அமுக்கலைன்னா வேணும்னு எடுத்துக்கும். நாலு நிமிசத்துல ஆஸ்பத்திரி, அஞ்சாவது நிமிசத்துல வென்டிலேட்டர். வெளிநாட்டுல இருந்து புள்ளைங்க வந்து சேர்ற வரைக்கும் உசுரு பத்திரமா இருக்கும். இத்தனை வருசத்துல 'வேண்டாம்'ங்கறதை யாரும் அமுக்குனதில்லீங்க. யாருங்க அமுக்குவாங்க?"

அந்த இரண்டு பட்டன்களும் வடிவின் போனிலும் இருந்தன. அவளுடைய அப்பா குற்றாலிங்கம் இதே கம்பெனி தென்காசியில் நடத்தும் குடியிருப்பில் இருந்தார். மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனிதர். அம்மாவுக்கு மூச்சு நின்றபோது, தோஹாவிலிருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கும்வரை அம்மாவை மெஷினில் போட்டு வைத்திருந்தார்கள். வாரக்கணக்கில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பா ஒரு நாள், "எனக்கு இந்தக் குழாய் மட்டும் வேண்டாம்ளா" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள். பிறகு தென்காசியில் அவரைச் சேர்த்த அன்று, எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அப்பா இல்லாமல் போவதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகும்முன் போனில் அவர் மூச்சுக் கோட்டைப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கிருபாகரனைச் சிட்னியிலிருந்து யாரோ போனில் பிடித்துக்கொள்ள, அவள் தனியாக மாடியேறினாள். அலை வரும் திசையைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு எளிய வித்தை உண்டு. கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுவாள். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது அலையை மறைக்கும். எந்தப் பக்கம் முதுகு காட்டும்போது பட்டை மங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் ஆள். இரண்டாவது மாடி நடையில் நின்று சுற்றினாள். ஒரு பக்கம் மங்க வேண்டிய பட்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்சம் மங்கியது, முழுதாக மங்கவில்லை.

சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மீன்முள் போன்ற திசை ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாக நீட்டிப் பார்த்தாள். முதல் கதவுக்குப் பின்னால் மூச்சு. ஐந்து மூச்சு சீராக வந்தது. ஆறாவது பாதியில் தடுக்கி, ஒரு விக்கல் போல நின்று, பிறகு முடிந்தது. அடுத்த கதவிலும் ஐந்து சீராக, ஆறாவது தடுக்கல். அதற்கடுத்ததிலும் அப்படியே. எதிரொலியாக இருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். இவை வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று முன்னேயும் பின்னேயும் போயின. ஆனால் தடுக்கல் ஒன்றுதான். ஒரே ஆள் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் படுத்துத் தூங்குவது போல இருந்தது.

அவள் ஆன்டெனாவைத் தாழ்த்தினாள். அப்போதுதான் அந்த நடை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்த வேளை. கீழ் மாடியில் டி.வி. சீரியல்கள் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்தன. இங்கே ஒரு டி.வி.கூட ஓடவில்லை. கதவுகளுக்கு வெளியே செருப்புகள் இருந்தன. உள்ளே ஆட்கள் விழித்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஏனோ நிச்சயமாகத் தோன்றியது.

கடைசிக் கதவில் பட்டை திரையை நிரப்பியது. பெயர்ப்பலகையில் ரங்கராஜுலு, கமலவேணி என்று இருந்தது. தட்டினாள்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு எண்பதை ஒட்டிய வயது. தலை வாரி, பூ வைத்து, நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார். வடிவின் கையிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயம் வரவில்லை; ஒரு களைப்புதான் வந்தது.

"உள்ள வா கண்ணு. கதவைச் சாத்திரு."

திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. கட்டிலில் ஒரு பெரியவர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். கட்டிலுக்கடியில், சோப்புப் பெட்டி அளவில் ஒரு பொட்டி, பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. திரையில் மூச்சு சீராக ஏறி இறங்கியது. வடிவு பெரியவரின் போர்வையைப் பார்த்தாள். போர்வை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எப்பம்மா?" என்றாள்.

"காலைல காபி குடிச்சாரு. டம்ளரைக் கீழ வெச்சாரு. அவ்வளவுதான் கண்ணு." கமலவேணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "மெல்போர்ன்ல இருந்து பையன் கூப்புட்டான். 'அப்பா இன்னிக்கு நல்லாத் தூங்கறாரேம்மா'ன்னு சந்தோசப்பட்டான். ஆமான்னு சொன்னேன்."

"இந்தப் பொட்டிய யாரு செஞ்சாங்க?"

"இவருதான். கப்பல்ல வயர்லெஸ் ஆபீசரா இருந்தவரு. பக்கத்து ரூம்ல பத்மாசனி டீச்சர்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க தூங்கறப்ப மூச்சைப் புடிச்சுப் பார்த்துத்தான் இதைச் செஞ்சாரு. டீச்சருக்கு வீசிங் இருந்துச்சு, நடுவுல மூச்சு தடுக்கும். ஆனா பொட்டி முடியறதுக்குள்ள அவங்களுக்கே மூச்சு நின்னுருச்சு. தூக்கிட்டுப் போயி, பொண்ணு வர்ற வரைக்கும் மெஷின்ல போட்டு… கை ரெண்டையும் கட்டிலோட கட்டி வெச்சிருந்தாங்க கண்ணு, குழாயைப் புடுங்கிருவாங்கன்னு. அந்தக் கை போர்டுல எழுதுன கை." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்க போயி ரெண்டு வருசமாச்சு. மூச்சு மட்டும் இங்கியே இருக்குது. எல்லாப் பொட்டியிலயும் அவங்க மூச்சுதான். இது ஓடற வரைக்கும் மூச்சு நின்னது சிஸ்டத்துக்குத் தெரியாது, மெஷினுக்கும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுத்தாரு. வேற ஊருக்கெல்லாம்கூடப் பார்சல்ல அனுப்புனாரு."

"இப்ப இந்த மாடி முழுக்க ஓடுதே? எல்லா ரூம்லயும் ஆளு…"

"ஐயோ, இல்ல கண்ணு. அவங்கெல்லாம் உசுரோடதான் இருக்கறாங்க." கமலவேணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எழவு வீடுன்னா நாலு பேரு வந்து உக்காரணுமல்ல? இங்க வந்து உக்காந்தா நர்சு கண்டுபிடிச்சிருவா. அதனால அவங்கவங்க ரூம்ல அவங்கவங்க பொட்டியப் போட்டு வெச்சுட்டு, அது ஓடற வரைக்கும் பேசாம உக்காந்திருப்பாங்க. மரகதத்துக்கும் அப்படித்தான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்தோம்."

வடிவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஒரு பொட்டி மட்டும் ஓடினால் யாருக்கும் தெரிந்திருக்காது. துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள்தான் காற்றை அடைத்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை.

"அம்மா, நீங்க மரகதம்மாவுக்காக உக்காந்த அன்னைக்குத்தான் சுந்தரவதனம் சார் விழுந்தாரு. இத்தனை பொட்டியும் சேர்ந்து ஓடினதால சிஸ்டத்துக்கு அவரு மூச்சு கேக்கல. தண்ணி கேட்டுக்கிட்டே கெடந்திருக்காரு."

கமலவேணியின் கை கணவரின் கைமேல் அப்படியே நின்றது.

"அவரு பொட்டி வேண்டாம்னவரு," என்றார். "பேத்தி கல்யாணம் பார்க்காமச் சாக மாட்டேன், என்னைய எப்படியாச்சும் காப்பாத்தட்டும்னு சொல்லிட்டிருந்தவரு. நாங்க செஞ்சதா அது?"

"ஆமாம்மா."

அந்த அம்மாள் அழுதார். சத்தமில்லாமல், கணவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லிரு கண்ணு. சொல்ல வேண்டியதுதான்," என்றார். "ஆனா சாயங்காலம் வரைக்கும் மட்டும் விடு. வருசத்துல பாதிநாள் கடல்ல இருந்தவரு. கூட்டம் வந்துருச்சுன்னா ஐஸ் பெட்டியில வெச்சுருவாங்க. அப்புறம் எனக்கு இந்தக் கை கெடைக்காது."

வடிவு கருவியைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். அவள் வேலை குறுக்கீட்டை நீக்குவது. அதற்கு இந்தப் பொட்டியை அணைக்க வேண்டியதில்லை.

"ஒண்ணு ஓடினா யாருக்கும் கெடுதல் இல்லம்மா. மத்ததை எல்லாம் அணைக்கச் சொல்லுங்க. இனிமே யாருக்கும் இப்படிச் சேர்ந்து உக்காரக் கூடாது. எப்பவும்."

"தனியாவா போகணும்?"

"தனியாத்தாம்மா."

கமலவேணி இன்டர்காமை எடுத்தார். ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டு, துக்க வீட்டுக்காரர்கள் சொல்வது போலவே, "வந்ததுக்குச் சந்தோசம். எந்திரிச்சுக்குங்க," என்று சொன்னார். வடிவு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவை பொட்டிகள்தான், மனிதர்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் ஒவ்வொன்று நிற்கும்போதும் அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். கடைசியில் கட்டிலுக்கடியில் இருந்தது மட்டும் மிஞ்சி, ஐந்து சீராகவும் ஆறாவது தடுக்கியும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கீழே வந்து கிருபாகரனிடம், "கண்டுபிடிச்சாச்சு சார். பழைய ரேடியோ சாமான். அணைச்சாச்சு, இனிமே வராது," என்றாள். அவர் தன் கம்ப்யூட்டரில் கோடுகளெல்லாம் தெளிந்துவிட்டதைப் பார்த்து, முருகா என்று நாற்காலியில் சாய்ந்தார். ரிப்போர்ட்டைக் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதுகிறேன் என்று அவள் போர்ட்டிகோவுக்கு வந்து, அங்கே கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

மனது சரியில்லாதபோது செய்வதைத்தான் அப்போதும் செய்தாள். போனை எடுத்து அப்பாவின் கோட்டைத் திறந்தாள். குற்றாலிங்கம், ஆழ்ந்த உறக்கம் என்று காட்டியது. கோடு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. அவளுக்கு மூச்சு லேசானது. அப்புறம் ஆறாவது மூச்சு பாதியில் தடுக்கி, ஒரு விக்கல் போல நின்று, முடிந்தது.

தற்செயலாக இருக்கும் என்று அடுத்த ஆறையும் பார்த்தாள். பிறகு பதறிக்கொண்டு அவர் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார், இனி எடுக்கவே மாட்டார் என்று நினைத்த நேரத்தில், "என்னளா, வேலைக்குப் போகலியா?" என்றது குரல். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா… தூங்குதியளோன்னு நெனச்சேன்."

"இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்து உக்காந்தேன். பக்கத்து ரூம்ல சீடை குடுத்தாவ."

போனின் திரையில் அவர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா போனது உங்க மாடியில?"

"யாரும் போகலியே. ஏன் கேக்கே?"

"பொட்டி ஓடுதுல்லா."

மெல்லும் சத்தம் நின்றது.

"எப்ப இருந்துப்பா?"

"ஐப்பசியில இருந்து."

இது மாசி. இத்தனை மாதம் அவள் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதெல்லாம், முகமே தெரியாத, செத்துப்போன ஒரு டீச்சரின் மூச்சு. திரையில் கிறுக்கல் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவளுக்கு ஆறில் ஒன்று தடுக்குவது கண்ணில் படவே இல்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சிய?"

"கேளு. தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. டாக்டர்ட்ட காட்டிட்டேன், இதயம் தளர்ந்துட்டுன்னாரு. மாத்திர குடுத்திருக்காரு, திங்கேன். ஆனா ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் உனக்கு மணியடிக்கும். நீ பதறிப்போயி ஆம்புலன்ச வரச் சொல்லிருவே. உங்க அம்மைக்கு மாட்டுன மாதிரி மாட்டிருவானுவ. அதான். நீயும் நிம்மதியாத் தூங்குவேல்லா."

"அணைங்கப்பா. நான் உங்க மூச்ச பாக்கணும்."

"பாத்துட்டு சும்மா இருப்பியா?"

அவள் திரையில் ஏறி இறங்கிய கோட்டைப் பார்த்தாள்.

"முன்னயும் ஒரு தடவ தலையாட்டுனேல்லா," என்றார் அப்பா. குற்றம் சொல்கிற குரலாக இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"இருப்பேம்ப்பா," என்றாள் கடைசியில். "சும்மா இருப்பேன். படுங்க."

கட்டில் கிரீச்சிட்டது. ஏதோ ஒரு விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. திரையில் அந்த அழகான கோடு பட்டென்று அறுந்தது. அந்த இடத்தில் வேறொரு கோடு வந்தது; மேடும் பள்ளமுமாக, யாரோ நடுங்கும் கையால் இழுத்தது போல. அவளுடைய அப்பாவின் மூச்சு. போன் தலையணைப் பக்கத்தில் கிடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை காதில் கேட்டது. மேடு வரவரச் சிறுத்தது. இன்னும் சிறுத்தது. குறட்டை நின்றது. கோடு தரையோடு தரையாகப் படுத்தது.

போன் கையில் அதிர்ந்தது. ஆம்புலன்ஸ் வேண்டுமா? 'வேண்டும்' பச்சையில் இருந்தது, பெரிதாக. 'வேண்டாம்' கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. பத்து என்றது, ஒன்பது என்றது. அவள் விரல் தன்னாலேயே பச்சைக்குப் போனது. எட்டு. ஏழு. அம்மாவின் கண்ணாடிக் கதவு நினைவுக்கு வந்தது. ஆறு. வடிவு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். உறுதியாகவா என்று கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

கோடு படுத்தே கிடந்தது. பிறகு, கிணற்றிலிருந்து எழுந்து வருகிறவரைப் போல ஒரு பெரிய மூச்சை இழுத்தார் அப்பா. கோடு எகிறியது. குறட்டை திரும்ப வந்தது.

கிருபாகரன் வெளியே வந்து, "ரிப்போர்ட் ஆச்சுங்களா மேடம்?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் கண்ணை எடுக்காமல்.

மேடு மறுபடி சிறுத்துக்கொண்டு வந்தது. கோடு படுத்தது. விரலை 'வேண்டாம்' பட்டன்மேல் வைத்துக்கொண்டு அவள் எண்ண ஆரம்பித்தாள்.